1,840 ரூபாய்க்கு வாங்கிய பங்கை 80 சொச்சம் என்று காட்டுகிறதே?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கரூர். கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா 2010 மார்ச்சில் டைட்டன் பங்கு 10 வாங்கியிருக்கிறார். காண்ட்ராக்ட் நோட்டில் (புரோக்கர் தரும் ரசீது) விலை 1,840 ரூபாய். அவருடைய பங்குகளின் கணக்கை ஒழுங்குபடுத்தலாம் என்று கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டு, ஒய்ஃபைனான்ஸ் என்ற இலவச நிரல் வழியாக யாகூ தளத்தின் பழைய விலைகளை இறக்கினேன். அதே நாளுக்கு 80 சொச்சம் என்று வருகிறது. எச்.டி.எஃப்.சி. வங்கியின் விலையைத் தினமும் என் ஃபைலில் சேர்த்து வருகிறேன். 2025 ஆகஸ்டில் அது ஒரே நாளில் பாதியாகிவிட்டது போலத் தெரிகிறது. அப்பாவிடம் இருந்த லட்சுமி விலாஸ் வங்கிப் பங்கு, தேடினாலே கிடைக்கவில்லை. கூடவே ஒரு ஆசையில், இன்றைய நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பெரிய நிறுவனங்களின் 15 வருட விலையை எடுத்து, 200 நாள் சராசரியைத் தாண்டினால் வாங்குவது, இறங்கினால் விற்பது என்று சோதித்தேன். லாபம் நம்ப முடியாத அளவுக்கு வருகிறது. இந்தக் கருவியை நம்பலாமா? டெலிகிராமில் ஒருவர் ‘சுத்தமான டேட்டா’ என்று விற்கிறார், அதை வாங்கிவிடலாமா?

பதில்: அப்பாவின் காண்ட்ராக்ட் நோட்டும் சரி, நீங்கள் இறக்கிய விலையும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள், அவ்வளவுதான்.

டைட்டன் 2011 ஜூனில் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. கூடவே ஒன்றுக்கு ஒன்று போனஸும், அதாவது ஒரு பங்குக்கு இன்னொன்று இலவசமாகவும், கொடுத்தது. ஆக ஒரு பங்கு 20 ஆனது, அப்பாவின் 10 பங்கு 200 ஆனது. டீமேட் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள், நடுவில் அவர் எதையும் விற்கவில்லை என்றால் 200 இருக்கும். 1,840-ஐ 20-ஆல் வகுத்தால் 92. பங்குப் பிரிப்புக்கும் போனஸுக்கும் சரிக்கட்டிய விலை அது.

ஆனால் உங்களுக்கு 92 வரவில்லை, 80 சொச்சம்தான் வந்தது. மீதி வித்தியாசம் ஈவுத்தொகையால் (டிவிடெண்ட்) வருவது. பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பங்கு 100 ரூபாயில் முடிகிறது, மறுநாள் 5 ரூபாய் டிவிடெண்ட் கழிகிறது என்று வையுங்கள். வேறு எதுவும் நடக்காவிட்டால் பங்கு 95-இல் திறக்கும். வரைபடத்தில் இது 5 சதவீத வீழ்ச்சி. ஆனால் பங்கு வைத்திருப்பவருக்கு ஒரு பைசா நட்டமில்லை, 5 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. இந்தப் போலி வீழ்ச்சியை மறைக்க, அந்த நாளுக்கு முந்தைய விலைகள் அத்தனையையும் 0.95-ஆல் பெருக்கிவிடுவார்கள். அடுத்த டிவிடெண்டுக்கு இன்னொரு பெருக்கல், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. 15 வருட டிவிடெண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி, 2010-இன் விலையைக் கீழே தள்ளிவிட்டது.

ஒய்ஃபைனான்ஸில் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. சமீபத்திய பதிப்புகளில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது இயங்கிய நிலையிலேயே இருக்கும். முடிவு விலை மட்டுமில்லை, அன்றைய தொடக்கம், உச்சம், தாழ்வு எல்லாமே டிவிடெண்டுக்குச் சரிக்கட்டித்தான் வரும். அதை அணைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். இப்போது ‘குளோஸ்’ தனியாகவும் ‘அட்ஜஸ்டெட் குளோஸ்’ தனியாகவும் வரும். 92-ஐ ஒட்டிய எண் ‘குளோஸ்’ பத்தியில் (நெடுவரிசையில்) இருக்கும். 92 அன்றைய முடிவு விலையோடு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. அப்பா பகலில் எந்த விலையில் வாங்கினாரோ அதுதான் காண்ட்ராக்ட் நோட்டில் இருக்கும். அன்றைய தாழ்வுக்கும் உச்சத்துக்கும் நடுவில் விழுந்தால் போதும். (தேசியப் பங்குச் சந்தையில் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை கிடையாது, கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் சராசரி. டிவி திரையில் கடைசியாகப் பார்த்த விலையோடு இது சில்லறை வித்தியாசத்தில் மோதுவது சகஜம்.)

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ அட்ஜஸ்ட்டை அணைத்தாலும், யாகூ தரும் ‘குளோஸ்’ பங்குப் பிரிப்புக்கும் போனஸுக்கும் ஏற்கெனவே சரிக்கட்டியதுதான். அன்று சந்தையில் உண்மையிலேயே நடந்த விலை, அதாவது அந்த 1,840, யாகூவின் எந்தப் பத்தியிலும் கிடையாது. பங்குப் பிரிப்பு விவரத்தைத் தனியாக இறக்கி நீங்களே திருப்பிப் பெருக்க வேண்டும். டிவிடெண்ட் பத்தியும் அப்படியே. 2010-இல் ஒரு பங்குக்கு 15 ரூபாய் வந்ததாக அப்பாவின் பாஸ்புக் சொன்னால், கருவி 75 பைசா என்றுதான் சொல்லும்.

சரி, எதை எதற்குப் பயன்படுத்துவது? ‘இந்தப் பங்கு இத்தனை வருடத்தில் எவ்வளவு வளர்ந்தது’ என்று பார்க்கவும், சராசரிக்கோடு போடவும் முழுக்கச் சரிக்கட்டிய விலை நல்லது. ஆனால் அது டிவிடெண்டை வாங்கிய கையோடு அதே பங்கில் திரும்பப் போட்டதாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அப்பா அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்திருப்பார். அவருடைய உண்மையான வருமானத்தைக் கணக்கிட, வாங்கிய தொகை, தேதிவாரியாக வந்த டிவிடெண்ட், இன்றைய மதிப்பு மூன்றையும் எக்ஸெல்லில் போட்டு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (தேதிகளையும் சேர்த்து ஆண்டு வருமான விகிதம் தரும் சூத்திரம்) எடுங்கள். அதற்குப் பழைய விலை எதுவுமே தேவையில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வரிக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், அப்பா விற்கும்போது எப்படியும் உங்களிடம்தான் வருவார். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2018 பட்ஜெட்டில் மறுபடி வரி போட்டபோது, அதற்கு முன் வாங்கியவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் நடந்த உச்ச விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் விற்ற விலையையும் ஒப்பிட்டு எது குறைவோ அதை எடுத்து, உண்மையில் வாங்கிய விலையோடு பார்க்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுதான் அடக்க விலை. டைட்டன் அன்றைக்கு 800 ரூபாயை ஒட்டி நடந்தது. அப்பாவுக்கு 2011-இல் வந்த போனஸ் பங்குகளும் அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்தவை என்பதால் 200 பங்குக்கும் இந்தச் சலுகை உண்டு.

இப்போது ஆட்டோ அட்ஜஸ்ட் போட்ட உச்ச விலையை எடுத்து இந்த இடத்தில் நிரப்பினால் என்ன ஆகும்? 2018-க்குப் பிறகு கொடுத்த டிவிடெண்டெல்லாம் கழிந்த எண் வரும். ஒரு பங்குக்கு 20 ரூபாய் குறைந்தால் 200 பங்குக்கு 4,000 ரூபாய், வராத லாபமாகக் கணக்கில் ஏறும். இன்ஃபோசிஸில் இது இன்னும் மோசம். அந்த நிறுவனம் 2018 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. ஜனவரி 31 அன்று 1,150-ஐ ஒட்டி நடந்த பங்கை, ஆட்டோ அட்ஜஸ்ட்டை அணைத்தாலும், கருவி இப்போது 575 பக்கமாகத்தான் காட்டும். வரிச் சட்டமோ பழைய பங்குக்கு அன்று நடந்த முழு விலையையும், பிறகு வந்த போனஸ் பங்குக்குப் பூஜ்யத்தையும் அடக்கமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மொத்தத்தையும் ஒரே வருடத்தில் விற்றால் இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றுதான். பாதியை இந்த வருடம், பாதியை அடுத்த வருடம் என்று விற்றால் நிலைமை மாறும். டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் விற்றதாகக் கணக்கு. 1,500-க்கு விற்கிறீர்கள் என்றால் முதல் பாதியில் பங்குக்கு 350 ரூபாய் லாபமா, 925 ரூபாய் லாபமா என்பது நீங்கள் எடுத்த எண்ணைப் பொறுத்தது. வருடத்துக்கு 1,25,000 ரூபாய் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம் எனும்போது இந்த வித்தியாசம் பையைத் தொடும்.

அதனால் வரிக்கு ஒய்ஃபைனான்ஸ் வேண்டாம். தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் ‘பவ்காப்பி’ என்று தினசரி விலைப்பட்டியல் இருக்கிறது. 2018 ஜனவரி 31-க்குரிய ஒரே ஒரு ஃபைலை இறக்கி வைத்துக்கொண்டால், அன்று வியாபாரமான எல்லாப் பங்குகளின் உச்ச விலையும் அதில் கிடைக்கும். யாரும் சரிக்கட்டாத, அன்றைக்கு நடந்த விலை. ஒரு நிமிட வேலை.

எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு வருவோம். பங்கு விழவில்லை. 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 2,000-ஐ ஒட்டி நடந்த பங்கு 1,000-க்குக் கீழே வந்தது. ‘யாகூதான் போனஸைச் சரிக்கட்டித் தருகிறதே, அப்புறம் ஏன் பள்ளம்’ என்று கேட்பீர்கள். பள்ளம் யாகூவில் இல்லை, உங்கள் ஃபைலில்தான் இருக்கிறது. நீங்கள் முன்பு இறக்கிவைத்த வரிசைகள் போனஸுக்கு முந்தைய கணக்கில் நிற்கின்றன. அதன் அடியில் புதிய கணக்கில் வந்த வரிசைகளை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். சரிக்கட்டிய விலை என்பது நிலையான எண் இல்லை. ஒவ்வொரு போனஸுக்கும் ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் பழைய வரலாறு முழுவதும் புதிதாக எழுதப்படும். போனஸ் என்றால் பாதியாவதால் கண்ணில் பட்டது. டிவிடெண்டால் வரும் ஒரு சதவீத விரிசல்கள் உங்கள் ஃபைலில் இன்னும் எத்தனை இருக்கிறதோ, அவை கண்ணுக்கே தெரியாது.

இதற்கு நான் வேலையிடத்தில் பின்பற்றும் முறை எளிது. சரிக்கட்டாத விலையை ஒரு ஃபைலில் வைப்பேன், அதில் ஒருமுறை எழுதியதை மாற்றவே மாட்டேன். போனஸ், பிரிப்பு, டிவிடெண்ட் ஆகியவற்றை எக்ஸ்-டேட்டோடு (அவற்றுக்கேற்ப விலை இறங்கும் நாள்) இன்னொரு ஃபைலில் வைப்பேன். சரிக்கட்டிய விலை தேவைப்படும்போது இரண்டையும் சேர்த்து அப்போதைக்கு அப்போது கணக்கிட்டுக்கொள்வேன், சேமிக்க மாட்டேன். உங்களுக்கு இது அதிகப்படி என்று தோன்றினால், ஒட்டுவதை விட்டுவிட்டு வாரம் ஒருமுறை முழு வரலாற்றையும் புதிதாக இறக்கிப் பழையதை அழித்துவிடுங்கள். இருபது முப்பது பங்குக்கு அது தாராளம். நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் கேட்டால் யாகூ கதவை மூடிவிடும். ஒய்ஃபைனான்ஸ் யாகூவின் கருவி இல்லை. யாகூ 2017-இல் தன் பழைய இலவச வழியை நிறுத்திய பிறகு, தனியார் ஒருவர் எழுதி வெளியிட்ட திறந்தமூல நிரல் அது. தளத்தில் யாகூ ஏதாவது மாற்றினால் நிரல் சில நாள் படுத்துவிடும், புதிய பதிப்பு வந்ததும் எழுந்துகொள்ளும். தளத்தில் நேரடியாக ஃபைல் இறக்கும் பொத்தானையும் 2024-இல் கட்டணத் திட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு, அவசரமில்லாத வேலைக்கு இது நல்ல கருவி. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பைத்தானே வேண்டாம் என்றால் கூகுள் ஷீட்டில் கூகுள்ஃபைனான்ஸ் சூத்திரமே போதும், ஆனால் அது பழைய டிவிடெண்ட் விவரம் தராது.

தேதி விஷயத்தில் இரண்டு பொறி. இறுதித் தேதி என்று நீங்கள் கொடுக்கும் நாள் கணக்கில் சேராது. மார்ச் 31 வரை வேண்டுமென்றால் ஏப்ரல் 1 என்று கொடுக்க வேண்டும். இன்னொன்று நேர மண்டலம். நம் பங்குகளுக்கு ஒவ்வொரு நாளும் இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி என்று முத்திரை குத்தி வரும். அதை எக்ஸெல்லுக்குக் கொண்டுபோகும் முன் உலகப் பொது நேரத்துக்கு மாற்றினீர்கள் என்றால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் முந்தைய நாள் மாலை 6.30 ஆகிவிடும். திங்கட்கிழமை விலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் நிற்கும். மாற்றாமல், நேர மண்டலத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். அதற்காக, சனி ஞாயிறு வரிசை எல்லாமே பிழை என்று அழித்துவிடவும் வேண்டாம். 2020 பிப்ரவரி 1 பட்ஜெட் நாள், சனிக்கிழமை, சந்தை முழுநாள் நடந்தது. 2023 தீபாவளி முகூர்த்த வியாபாரம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தது.

லட்சுமி விலாஸ் வங்கி உங்கள் ஊர் வங்கி, கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2020 நவம்பர் 17 அன்று வங்கியில் பணம் எடுக்கத் தற்காலிகக் கட்டுப்பாடு அறிவித்தார்கள். நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைத்தார்கள். வைப்புத்தொகைக்காரர்களுக்குப் பாதிப்பில்லை, பங்குதாரர்களின் மூலதனம் முழுவதுமாகப் பூஜ்யமாக்கப்பட்டது. பட்டியலிலிருந்து நீங்கிய பங்கை யாகூ போன்ற இலவச இடங்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. பழைய விலை வேண்டுமென்றால் அந்தந்த நாளின் பவ்காப்பியில் இருக்கிறது. இன்று அந்தப் பங்கு இருக்கிறதா இல்லையா என்று பவ்காப்பிக்குக் கவலையில்லை, அன்று வியாபாரமான எல்லாமே அதில் உண்டு. (2024 ஜூலையில் இந்த ஃபைலின் அமைப்பு மாறியது. இரண்டு காலத்துக்கும் பத்தித் தலைப்புகள் வேறு என்பதை நிரல் எழுதும்போது நினைவில் வையுங்கள். பங்குகளை ஐ.எஸ்.ஐ.என். எண்ணால் (ஒவ்வொரு பங்குக்கும் உரிய அடையாள எண்) இணைக்கலாம் என்று தோன்றும், ஆனால் முகமதிப்பைப் பிரித்தால் அந்த எண்ணும் மாறிவிடும்.) அப்பாவின் இழப்பை வரிக்கணக்கில் மூலதன நட்டமாகக் காட்டலாமா என்பதை ஆடிட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் 200 நாள் சோதனையில் வந்த அதிசய லாபத்துக்குக் காரணமும் இந்தக் காணாமல் போன பங்குகள்தான். இன்றைய நிஃப்டி 50 என்பது 15 வருட ஓட்டத்தில் ஜெயித்து வந்தவர்களின் பட்டியல். 2010 தொடக்கத்தில் உட்கார்ந்து வாங்கியிருந்தால் உங்கள் கையில் இருந்திருக்கக்கூடிய நிஃப்டி வேறு. அதில் யூனிடெக் இருந்தது, சுஸ்லான் இருந்தது, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இருந்தது, ரிலையன்ஸ் கேப்பிட்டல் இருந்தது. அந்த ரிலையன்ஸ் கேப்பிட்டலே 2009 ஜனவரியில் சத்யம் வெளியே போனபோது அதன் இடத்துக்கு வந்ததுதான். யெஸ் வங்கி 2015-இல் உள்ளே வந்து 2020 மார்ச்சில் வெளியே போனது. இவர்களில் ஒருவர்கூட உங்கள் சோதனையில் இல்லை. ஏறக்குறைய எந்த விதியை வைத்து வாங்கி விற்றிருந்தாலும் லாபம் வந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டிருந்தாலும் வந்திருக்கும். அந்தந்த வருடத்தின் பட்டியலை எடுத்து மறுபடி ஓட்டுங்கள். குறியீட்டில் யார் எப்போது உள்ளே, யார் வெளியே என்ற பழைய அறிவிப்புகளைத் தேடி நீங்களே தொகுக்க வேண்டியிருக்கும், அலுப்பான வேலைதான். இன்னொன்று, முடிவு விலை சராசரியைத் தாண்டியதென்று சந்தை மூடிய பிறகுதான் தெரியும். அதே விலையில் வாங்கியதாகக் கணக்குப் போட்டிருந்தால், மறுநாள் தொடக்க விலைக்கு மாற்றுங்கள். இந்த இரண்டையும் செய்த பிறகு மிஞ்சும் லாபம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் சும்மா போட்டு வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். உற்சாகம் கொஞ்சம் இறங்கும்.

டெலிகிராம்காரரிடம் வாங்க வேண்டாம். எங்கிருந்து எடுத்தார், எதற்கெல்லாம் சரிக்கட்டினார் என்று அவர் சொல்லப் போவதில்லை. தினசரி விலையை அவரும் நீங்கள் எடுக்கும் அதே இடத்திலிருந்துதான் எடுத்திருப்பார். யார் கொடுத்த டேட்டாவானாலும் கையில் வாங்கியதும் நான் சில நாட்களைத் திறந்து பார்ப்பேன். ஐஷர் மோட்டார்ஸ், 2020 ஆகஸ்ட் 24: முகமதிப்பை 10-இலிருந்து ஒன்றாகப் பிரித்த நாள், 21,000-ஐ ஒட்டி இருந்த பங்கு 2,100 பக்கம் வந்தது. ரிலையன்ஸ், 2023 ஜூலை 20: ஜியோ ஃபைனான்ஷியலைத் தனி நிறுவனமாகப் பிரித்த நாள். முந்தைய நாள் 2,841.85-இல் முடிந்த பங்குக்குக் காலைச் சிறப்பு அமர்வில் 2,580 என்று விலை நிர்ணயமானது. நடுவில் இருக்கும் 261.85 ரூபாய் நட்டமில்லை, ஜியோ ஃபைனான்ஷியல் பங்காகப் பங்குதாரருக்கே வந்தது. பங்குப் பிரிப்பையும் போனஸையும் ஒழுங்காகச் செய்யும் கருவிகள்கூட இந்த மாதிரி நிறுவனப் பிரிப்பில் சறுக்கும். மேலே சொன்ன பட்ஜெட் சனிக்கிழமை இருக்கிறதா என்றும் பார்ப்பேன். டெலிகிராம்காரரிடம் இந்த மூன்று நாட்களின் வரிசையை மட்டும் மாதிரியாகக் கேட்டுப் பாருங்கள், பதில் வருகிறதா என்று பார்ப்போம்.

ஒரு நிமிட விலை வேண்டும் என்ற நிலைக்குப் போனால் மட்டும் ஒய்ஃபைனான்ஸ் பற்றாது. ஒரு நிமிடத்துக்கு கடைசி 30 நாள், அதிலும் ஒரு தடவைக்கு ஒரு வாரம், ஒரு மணி நேரத்துக்கு 730 நாள், அவ்வளவுதான் கிடைக்கும். அதற்கு உங்கள் டீமேட் புரோக்கரே ஏ.பி.ஐ. (நிரல் வழியாக நேரடியாக விலை எடுக்கும் வசதி) தருகிறாரா என்று பாருங்கள். பெரிய புரோக்கர்கள் பலரும் தருகிறார்கள், சிலர் இலவசமாகவே தருகிறார்கள். 200 நாள் சராசரிக்கு அதெல்லாம் தேவையே இல்லை.